சைலன்சர் அக்கா சொன்ன ‘கேக்கல’

இன்னைக்கு நான் யார் வீட்டுல உக்காந்து பேசிட்டு வந்தேன்னு சொன்னா, பழைய தறி ஷெட்டுல வேலை பாத்த குடும்பத்துக்காரங்க யாரும் நம்ப மாட்டீங்க. சைலன்சர் அக்கா! சத்தியமா அவங்களேதான். நாலு மாசமா போன் பண்ணி, ரெண்டு தடவை வாசல் வரைக்கும் போய்த் திரும்பி வந்து, இன்னைக்குத்தான் உள்ள கூப்பிட்டாங்க.

பஸ்ல உக்காந்து தட்டிட்டு இருக்கேன். தப்பு இருந்தா பொறுத்துக்கோங்க. வீட்டுக்குப் போய் எழுதலாம்னா அதை அழகுபடுத்த ஆரம்பிச்சுடுவேன். இதை அழகுபடுத்தக் கூடாது.

தெரியாதவங்களுக்கு முதல்ல இதைச் சொல்லிடறேன். ரயில்வே லைனுக்குப் பின்னாடி இருக்குற அந்தத் தகரக் கூரை ஷெட்டுல, ஒரே கூரைக்குக் கீழ இருநூத்தி நாப்பது விசைத்தறி ஓடிட்டு இருந்துச்சு. ஆறு வருஷத்துக்கு முன்னாடி தானியங்கித் தறி வந்ததும் மூடிட்டாங்க. நாங்க ஒரு அஞ்சாறு பேர் சேந்து இந்த ஞாயித்துக்கிழமை அங்க ஒரு சின்ன கண்காட்சி வைக்கிறோம். பழைய போட்டோ, பழைய பேப்பர் எல்லாம் தேடி எடுத்து, அட்டை அட்டையா அடிச்சு மாட்டப் போறோம். கடைசியில வாய்ப்பாட்டு.

நமக்கு வாய்ப்பாட்டுன்னா கச்சேரி. ஷெட்டுல இருந்தவங்களுக்கு வாய்ப்பாட்டுன்னா வாய் மட்டும் பாடுறது. சத்தமே வராது! இருநூத்தி நாப்பது தறி ஓடுற இடத்துல பக்கத்துல நிக்கிறவ காதுக்குள்ள கத்தினாலும் கேக்காது. அதனால எல்லாரும் உதட்டைப் பாத்தே பேசக் கத்துக்கிட்டாங்க. முதல்ல ‘நூல் தீந்துச்சு’, ‘தண்ணி குடு’, அப்புறம் ஊர் வம்பு, அப்புறம் பாட்டு. அந்தப் பாட்டுல பெரிய ஆள்தான் நம்ம அக்கா. சத்தமே இல்லாம பாடுறதால சைலன்சர்னு பேரு வச்சாங்க.

வீடு ரெண்டு ரூம். முன் ரூம்ல ஒரு கட்டில், ஒரு இஸ்திரி மேசை, மூலையில டிவி. டிவி ஓடுது, ஆனா சத்தம் வைக்கல. நான் ரிமோட்டைத் தேடறதைப் பாத்து அவங்க பொண்ணு சிரிச்சுட்டா.

“அது அப்படித்தான் ஓடும். அம்மாவுக்கு வாயைப் பாத்தாலே போதும். டப்பிங் சீரியல் மட்டும் போட்டுடாதீங்க, டிவியை ஒடச்சிடும். வாய் ஒண்ணு சொல்லுது, கதை வேற ஒண்ணு போகுதாம்.”

“பின்ன? பொய் பேசற மாதிரியே இருக்கு”ன்னாங்க அக்கா.

“இதுகிட்ட ஒரு ரகசியம் பேச முடியாதுங்க. நான் பஸ் ஸ்டாப்ல நின்னு போன்ல யார்கிட்ட என்ன பேசுறேன்னு மாடியில துணி காயப்போட்டுக்கிட்டே படிச்சுடும். சாயங்காலம் வந்தா ஒவ்வொண்ணா கேள்வி.”

“யார்கிட்டயும் சொன்னேனா? கேட்டேன், விட்டுட்டேன்.”

“கேக்கல, பாத்தே”ன்னு திருத்திட்டு, பொண்ணு செருப்பைப் போட்டுட்டு வேலைக்குக் கிளம்பிட்டா. அவளும் துணிதான் நெய்யறா. ஆனா புது பேக்டரி. காதுல பஞ்சு, முன்னாடி ஸ்கிரீன், முப்பது தறிக்கு ஒரு ஆள். எதிர்ல மனுஷ மூஞ்சியே கிடையாதாம்.

அக்காவுக்கு அம்பத்தொரு வயசு. இருபது வயசுல ஷெட்டுக்குள்ள போனவங்க. அதுக்கு முன்னாடி அவங்க வீட்டுப் பொம்பளைங்க யாரும் மணி பாத்து வேலைக்குப் போனதே இல்ல. சங்கு ஊதினா போகணும், சங்கு ஊதினா வரணும். முதல் சம்பளம் வாங்கின அன்னைக்கு அவங்க அப்பா அவங்களை ‘வாங்க’ன்னு கூப்பிட்டுட்டு அப்புறம் நாக்கைக் கடிச்சுக்கிட்டாராம். ஒருத்தர் வீட்டு வாசலை இன்னொருத்தர் மிதிக்காத தெருக்காரங்க எல்லாம் அங்க எட்டு மணி நேரம் மூஞ்சிக்கு மூஞ்சி நின்னாங்க. தறி ரெண்டு ரெண்டா எதிரும் புதிருமா இருக்கும். எதிர்ல நிக்கிறவளுக்கு ‘எதிர்த்தறி’ன்னே பேரு. நாத்தனார், ஓரகத்திங்கற மாதிரி அதையும் ஒரு சொந்தமாத்தான் சொல்றாங்க.

“என் எதிர்த்தறிக்கு ரேடியோன்னு பேரு. வாய் மூடவே மூடாது. என் புருஷன் மூஞ்சியை விட அவ மூஞ்சியைத்தான் நான் அதிகமா பாத்திருக்கேன். அதுல வருத்தம் ஒண்ணும் இல்ல, அவரு மூஞ்சி அப்படி.”

நான் விழுந்து விழுந்து சிரிச்சேன். அப்ப எனக்கு ஒண்ணும் தெரியாது.

பாட்டு எப்படி கட்டுவீங்கன்னு கேட்டேன். தறி சத்தம்தான் தாளம். துணியிலிருந்து கண்ணை எடுத்தா நூல் அறுந்து ஓட்டை விழுந்துடும். அதனால ஒரு தடவை நிமிந்து பாக்குற நேரத்துக்குள்ள ஒரு வரி முடிஞ்சிடணும். நாலு வார்த்தை, அஞ்சு வார்த்தை. இன்னொண்ணு, எல்லா எழுத்தும் தூரத்துல தெரியாது. க, ட, ந எல்லாம் வாய்க்குள்ளயே நின்னுடும். உதடு ஒட்டணும், இல்ல குவியணும். அதனால ப, ம, பூ, மோ இதுங்களா பொறுக்கிப் போட்டுத்தான் பாட்டு. அடடா, எனக்கு அப்படியே புல்லரிச்சுடுச்சு. காதுக்குன்னு இருந்த பாட்டை ஒரு மெஷின் கண்ணுக்குன்னு மாத்தி வச்சிருக்கு!

அதுலயும் ஒரு விளையாட்டு இருக்கு. ம-வும் ப-வும் உதட்டுல ஒண்ணுதான். ம மூக்கு வழியா வரும், ஆனா அது கண்ணுக்குத் தெரியாதே. ‘எங்க மாமியாருக்கு ரெண்டு மூட்டு’ன்னு இவங்க பாடுவாங்க. ‘ரெண்டு பூட்டா? வாய்க்கு ஒண்ணு, பீரோவுக்கு ஒண்ணா?’ன்னு ரேடியோ திருப்பிப் போடுவாங்க. ‘மாமா அழுதாரு’ன்னு பாடினா ‘பாப்பா அழுதுச்சா?’ன்னு படிப்பாங்க. வரிசையே சிரிக்கும். வேணும்னே தப்பா படிக்கிறதுதான் அந்தப் பாட்டோட ருசியே. நல்ல வரி வந்தா ரேடியோ தலையை ஆட்டி, ‘இன்னொரு பாட்டு கட்டேன், பாட்டு கட்டேன்’னு உயிரை எடுப்பாங்களாம்.

வீடியோ எடுக்கலாமாக்கான்னு கேட்டேன். முதல்ல உங்க அட்டையெல்லாம் காட்டு, என்ன எழுதி வச்சிருக்கீங்கன்னு பாக்கறேன்னாங்க. நான் பெருமையா பையிலிருந்து எடுத்துக் கட்டில் மேல பரப்பினேன். ஒவ்வொண்ணா படிச்சாங்க. சங்கு பத்தின அட்டைக்குச் சிரிச்சாங்க. சம்பள நாள் அட்டைக்கு ‘இதுல தேதி தப்பு’ன்னாங்க. பதினோராவது அட்டையை எடுத்தாங்க. கீழ வைக்கவே இல்ல.

அது விபத்து பத்தின அட்டை. பழைய ஆபீஸ் பீரோவுல கிடைச்ச விசாரணை அறிக்கையைப் பாத்து நான்தான் அடிச்சேன். ‘பி ஷிஃப்ட்டில் பணியாற்றிய பெண் தொழிலாளி ஒருவர் பல்சக்கரத்தில் கை சிக்கி மூன்று விரல்களை இழந்தார். அவர் உதவிக்கு யாரையும் அழைக்கவில்லை.’ நல்ல எழுத்துரு, கறுப்பு பார்டர் எல்லாம் போட்டிருந்தேன்.

“இதை எங்க மாட்டப் போற?”

“உள்ள நுழைஞ்சதும் ரெண்டாவது தூண்லக்கா.”

“அவளையும் கூப்பிட்டிருக்கியா?”

“ரேடியோ அக்காவையா? ஆமா, வரேன்னு சொல்லியிருக்காங்க.”

அட்டையைத் திருப்பி மடியில கவுத்து வச்சுக்கிட்டாங்க. டிவி பக்கம் திரும்பிக்கிட்டாங்க. டிவியில யாரோ சமைச்சுட்டு இருந்தாங்க. அப்புறம் என்னைப் பாக்காமலே சொன்னாங்க.

“கூப்பிட்டா.”

எனக்குப் புரியல.

“அவ கூப்பிட்டா. என்னைத்தான் கூப்பிட்டா. நான் பாத்தேன்.”

இனிமே நான் எழுதப்போறது அவங்க சொன்னது. எழுதிக்கோன்னு அவங்களே சொன்னாங்க. ‘என்னை நல்லவளா காட்டிடாதே’ன்னும் சொன்னாங்க.

பதினேழு வருஷத்துக்கு முன்னாடி. மத்தியானம் ஷிஃப்ட் ஆரம்பிச்சதுமே ரேடியோவோட தறியில ஏதோ கோளாறு. பிட்டர் வந்து பக்கத்துல இருக்குற பல்சக்கரத்தோட மூடியைக் கழட்டி சரி பண்ணிட்டு, மூடியைச் சாயங்காலம் போடறேன்னு கீழ சாத்தி வச்சுட்டுப் போயிட்டாரு. தறியை மட்டும் ஓட விட்டுட்டாங்க. சாயங்காலம் ஆச்சு, அவரு வரல. ரேடியோ குனிஞ்சு எதையோ எடுக்கும்போது வேலைக் கோட்டோட கைத்துணியைச் சக்கரம் கவ்விடுச்சு. அந்தச் சக்கரம் வேகமா சுத்தறது இல்ல. மெதுவா, ஒவ்வொரு பல்லா சுத்தும். துணியை இழுக்கும், துணிக்குப் பின்னாடி கையை இழுக்கும். தறியை நிறுத்துற கைப்பிடி அந்தப் பக்கம், எட்டாது. வரிசைக்கே சேத்து ஒரு சிவப்பு பட்டன் இருந்துச்சு. அது அக்கா நிக்கிற தூண்ல. நாலு எட்டு.

ரேடியோ நிமிந்து எதிர்த்தறியைப் பாத்து வாயைத் தொறந்தாங்க.

“மாட்டிக்கிட்டேன்னு சொல்லியிருக்கா. நான் ‘பாட்டு கட்டேன்’னு படிச்சேன்.”

அதைச் சொல்லும்போது அவங்க மூஞ்சியைப் பாக்க முடியல எனக்கு.

“அவ எப்பவும் கேக்குறதுதானே. மூஞ்சி கோணலா இருந்துச்சு. கிண்டலுக்குத்தான் அப்படி வச்சிருக்கான்னு நெனச்சேன். ரெண்டாம் தடவையும் சொன்னா. சரி, ரொம்பத்தான் கெஞ்சுறான்னு நான் பாடினேன். ரெண்டு வரி. சிரிச்சுக்கிட்டே பாடினேன். ரெண்டாவது வரி முடியும்போதுதான் அவ முழங்கை கீழ போனதைப் பாத்தேன்.”

ஓடிப்போய் பட்டனை அமுக்கினாங்க. நாலு எட்டுதான். ரெண்டு வரிக்கு முன்னாடி போயிருந்தா வெறும் கோட்டுதான் கிழிஞ்சிருக்கும்.

விசாரணை பத்து நாள் கழிச்சு. மேனேஜர் ரூம்ல. கதவு சாத்தினா தறி சத்தம் ஒரு முணுமுணுப்பு மாதிரிதான் கேக்கும். வெளியிலிருந்து ஒரு அதிகாரி வந்திருந்தாரு. நல்ல மனுஷன், உக்காருங்கம்மான்னு சொன்னாரு. ஷிஃப்ட்டைப் பாத்துக்குற மேஸ்திரி பின்னாடி நின்னுட்டு இருந்தாரு. அதிகாரி கேட்ட கேள்வி இதுதான்: “அவங்க உதவிக்குக் கூப்பிட்டது உங்களுக்குக் கேட்டுச்சா?”

“கேக்கல சார்.”

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. ஏதாவது சத்தம்?”

“எதுவும் கேக்கல சார்.”

அவரு எழுதிக்கிட்டாரு. ‘அழைக்கவில்லை.’ அவ்வளவுதான்!

அந்த ஷெட்டுல எவளும் எவளையும் காதால கேட்டதே இல்ல. அமைதியான ரூம்ல வேலை பாக்குற ஒருத்தருக்குத்தான் அப்படி ஒரு கேள்வி வரும். அவருக்கு அது தெரியாது. அக்காவுக்குத் தெரியும். ‘கேக்கல சார், ஆனா பாத்தேன்’னு சொல்லியிருக்கணும். அதுக்கு அடுத்த கேள்வி, பாத்துட்டு என்ன பண்ணினீங்க? அதுக்குப் பதில், பாடினேன்.

“நான் பொய் சொல்லலை, உண்மையிலேயே கேக்கலைன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். ரொம்ப நாள் சொல்லிக்கிட்டேன். வெளிய வந்ததும் மேஸ்திரி, ‘நீ கரெக்டா பேசினே’ன்னாரு. எனக்கு அப்ப என்ன தோணுச்சு தெரியுமா? அப்பாடா, தப்பிச்சோம்னு.”

அவங்க நிறுத்தல.

அதிகாரி ரேடியோகிட்டயும் ஆஸ்பத்திரியில போய்க் கேட்டிருக்காரு. அவங்க, ‘நான் கூப்பிட்டேன், அவ என்னைப் பாத்துப் பாடினா’ன்னு சொல்லியிருக்காங்க. உள்ளபடியே சொல்லியிருக்காங்க! அதிகாரி அதை ‘அதிர்ச்சியில் முன்னுக்குப்பின் முரணாகப் பேசினார்’னு எழுதிட்டாரு. மேஸ்திரி அதை ஷெட்டுல வந்து ஜோக்கா சொன்னாராம். ‘கை போச்சு, கூடவே மூளையும் போச்சு போல. எதிர்த்தறிக்காரி கச்சேரி பண்ணினாளாம்.’

“எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்”னாங்க அக்கா. “அதை எழுது. மத்ததை விட்டாலும் அதை விட்டுடாதே.”

எழுதிட்டேன்க்கா.

சொந்தக் கவனக்குறைவுன்னு முடிவு பண்ணி ரேடியோவை நஷ்டஈடு இல்லாம வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. சைலன்சர் அக்கா ஆஸ்பத்திரி கேட் வரைக்கும் ஒரு தடவை போயிட்டுத் திரும்பி வந்துட்டாங்க. அடுத்த வருஷம் அவங்களை வரிசைக்குத் தலைவி ஆக்கினாங்க. பாட்டை விட்டுட்டீங்களான்னு கேட்டேன், விட்டிருப்பாங்கன்னு நெனச்சுத்தான் கேட்டேன். இல்லையாம். ஒரு மாசம் சும்மா இருந்தாங்களாம். எல்லாரும் கேட்டாங்க, மறுபடி பாடினாங்களாம். எதிர்த்தறிக்குப் புதுசா ஒரு பொண்ணு வந்துச்சு, அவளும் நல்லா சிரிப்பாளாம்.

ரேடியோ இருக்குற தெரு வழியா பஸ் போனா, பதினேழு வருஷமா கைக்குட்டையால வாயை மூடிப்பாங்களாம். “என்னையறியாம என் உதடு ஏதாவது சொல்லிடுச்சுன்னா? அவதான் படிச்சுடுவாளே.”

நான் தப்பு பண்ணினது எங்கன்னா, அந்த அறிக்கையை உண்மைன்னு நெனச்சுட்டேன். முத்திரை இருந்துச்சு, கையெழுத்து இருந்துச்சு. ரேடியோ அக்காவுக்கு மூணு தடவை போன் பண்ணினவன், நீங்க கூப்பிட்டீங்களான்னு ஒரு தடவை கேக்கல. பெரிய எழுத்துல அடிச்சு அவங்க முன்னாடியே மாட்டப் போனேன். அட்டையைக் கிழிச்சுடறேன்க்கான்னேன்.

“கிழிச்சா? நீ கிழிச்சுட்டா அவளுக்கு என்ன?”ன்னு எழுந்தாங்க. உள்ள போய் வேற செருப்பு எடுத்துட்டு வந்தாங்க. “ஆட்டோ கிடைக்குமா பாரு.”

ரேடியோ அக்கா கடை மார்க்கெட்டுக்குப் பின்னாடி. ஜெராக்ஸ், லேமினேஷன், போட்டோ பிரிண்ட். ஒரு ஆள் நிக்கிற அகலம். அவங்க வலது கையில கட்டைவிரலும் சுண்டுவிரலும் மட்டும்தான். இடது கையால பேப்பரைப் போட்டு, அந்தச் சுண்டுவிரலால பட்டனைத் தட்டறாங்க, அவ்வளவு வேகம். பின்னாடி ஸ்டூல்ல அவங்க வீட்டுக்காரர் உக்காந்து மை டப்பாவைக் குலுக்கிட்டு இருந்தாரு. ஒரு டீச்சரம்மா கேள்வித்தாள் காப்பி எடுக்க நின்னுட்டு இருந்தாங்க.

ரேடியோ அக்கா நிமிந்தாங்க. பாத்தாங்க.

“யாரு இது! பதினேழு வருஷம் கழிச்சு வழி தெரிஞ்சுதா? ஜெராக்ஸ் எடுக்க வந்தியா, இல்ல பஸ் மாறி ஏறிட்டியா?”

சைலன்சர் அக்கா வாயைத் தொறந்தாங்க. உதடு அசையுது. சத்தம் வரல. மறுபடி அசையுது. டீச்சரம்மா என்னைப் பாக்கறாங்க, நான் தரையைப் பாக்கறேன். ரேடியோ அக்கா மட்டும் அந்த உதட்டைப் பாத்துட்டே இருந்தாங்க. கையில இருந்த பேப்பரைக் கீழ வச்சுட்டாங்க.

“சத்தமா சொல்லு”ன்னாங்க. “இங்க தறி ஓடல.”

மெஷின் மட்டும் ஓடிட்டு இருந்துச்சு. “ஏங்க, அதை நிறுத்துங்க”ன்னாங்க. வீட்டுக்காரர் சுவிட்சை அமுக்கினாரு.

“நீ கூப்பிட்டே”ன்னாங்க சைலன்சர் அக்கா. “ரெண்டு தடவை கூப்பிட்டே. நான் பாத்தேன்.”

வீட்டுக்காரர் எழுந்து நின்னாரு. டப்பா கையிலேயே இருக்கு.

“அப்புறம் ஏன்டி பாடினே?” ரேடியோ அக்கா கத்தல. ரொம்ப மெதுவா கேட்டாங்க. “நான் அதைத்தான் யோசிச்சுட்டு இருக்கேன். பதினேழு வருஷமா அது ஒண்ணுதான். என் கை போறதைப் பாத்துட்டு நீ பாடினே. என்மேல உனக்கு என்ன அவ்வளவு கோவம்?”

“கோவமா? அய்யோ, இல்லடி. நீ பாட்டு கட்டேன்னு சொல்றேன்னு...”

“நான் எங்க பாட்டு கேட்டேன்? மாட்டிக்கிட்டேன்னு...”

அங்கேயே நிறுத்திட்டாங்க. போட்டோவுக்கு வர்றவங்க தலை சீவ சுவத்துல ஒரு கண்ணாடி இருக்கு. ரேடியோ அக்கா அதுக்கு முன்னாடி போய் நின்னு, சத்தம் இல்லாம ஒண்ணு சொன்னாங்க. அப்புறம் இன்னொண்ணு சொன்னாங்க. மறுபடி முதல்ல சொன்னதைச் சொன்னாங்க. (நீங்களும் சொல்லிப் பாருங்க. மாட்டிக்கிட்டேன். பாட்டு கட்டேன்.)

“ஒண்ணாத்தான்டி இருக்கு”ன்னாங்க.

திரும்பல. கண்ணாடியிலேயே பாத்துக்கிட்டு கேட்டாங்க. “என்ன பாட்டு? உன் வாய் அசைஞ்சது மட்டும்தான் எனக்கு ஞாபகம். வார்த்தை போயிடுச்சு. சொல்லு.”

“வேண்டாம்டி.”

“சொல்லு.”

சைலன்சர் அக்கா சொன்னாங்க. சத்தமா சொன்னாங்க. “மேஸ்திரிக்கு மீசை மொளைச்சுச்சு. பூனைக்குப் பொறாம பொறந்துச்சு.”

யாருமே சிரிக்கல. வாழ்க்கையில இப்படி ஒரு பாட்டை நான் கேட்டதில்ல. கேக்கவும் வேண்டாம். அவங்க அழுதுட்டாங்க. ரேடியோ அக்கா அழல.

“சரி”ன்னாங்க. “அது தப்பா படிச்சது. நானா இருந்தாலும் அப்படித்தான் படிச்சிருப்பேன். அதை விடு. பத்து நாள் கழிச்சு ஆபீஸ் ரூம்ல என்ன சொன்னே?”

“கேக்கலன்னு.”

“அதுவும் தப்பா படிச்சதா?”

“இல்ல. தெரிஞ்சேதான் சொன்னேன்.”

ரேடியோ அக்கா வீட்டுக்காரர் பக்கம் திரும்பினாங்க. “கேட்டீங்களா? காதுல விழுந்துச்சா?” அவரு தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. “இவரும் நம்பல. ‘விடு, வலியில உனக்கு அப்படித் தோணியிருக்கும்’னாரு. எங்க அம்மா நம்பல. எவளும் நம்பல. ரேடியோன்னு பேரு வச்சாச்சு, ரேடியோ சொல்றதை எவ நம்புவா? கடைசியில நானே, கூப்பிட்டேனா இல்லையான்னு... எனக்கே சந்தேகம் வந்துடுச்சுடி. என் வாயையே நான் நம்பல.”

“மன்னிச்சுடு”ன்னாங்க சைலன்சர் அக்கா.

“அதெல்லாம் இப்ப கேக்காதே. தெரியல எனக்கு. உக்காரு, டீ குடின்னும் சொல்ல மாட்டேன். இன்னைக்கு முடியாது.” அப்புறம் நான் வச்சிருந்த அட்டையைப் பாத்துட்டு என்கிட்ட கையை நீட்டினாங்க. “என்ன தம்பி, அந்த அட்டை?”

குடுத்தேன். படிச்சாங்க. ‘நல்லா இருக்கு பார்டர்’னாங்க. எனக்குச் செத்துடலாம் போல இருந்துச்சு. கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து அவங்களே புதுசா தட்டினாங்க. சைலன்சர் அக்கா பின்னாடி நின்னு பாத்துட்டே இருந்தாங்க. பிட்டர் மூடியைப் போடாம போனது, போடாமலே தறியை ஓட விட்டது, எல்லாம் அதுல இருக்கு. கடைசி வரி இது: ‘அவள் இரண்டு முறை கூப்பிட்டாள். எதிர்த்தறிக்காரி பார்த்தாள். விசாரணையில் சொல்லவில்லை.’

“என் பேரைப் போட்டுடு”ன்னாங்க சைலன்சர் அக்கா.

“பேரு எதுக்கு? நீயே நேர்ல நின்னு படி. இதை மாட்டுற தூண்கிட்ட நின்னு, சத்தமா. பாட்டெல்லாம் அதுக்கு அப்புறம்தான். பாடுறியோ இல்லையோ அது உன் இஷ்டம்.”

“படிக்கிறேன்”னாங்க. ஆட்டோவுல திரும்பி வரும்போது கைக்குட்டையைப் பிழிஞ்சுக்கிட்டே, “யார் யாரு வருவாங்க?”ன்னு மட்டும் கேட்டாங்க. தெரியலக்கான்னேன். “பி ஷிஃப்ட்டுக்காரங்க வந்தாத்தான் அது சொன்னதா ஆகும். அன்னைக்குச் சிரிச்சவங்க அவங்கதானே.”

அதனாலதான் இவ்வளவு அவசரமா தட்டிட்டு இருக்கேன். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நாலு மணி. முன் கேட் பூட்டியிருக்கும், லாரி எடை மேடை பக்கம் இருக்குற சின்ன கேட் வழியா வாங்க. உள்ள வந்ததும் ரெண்டாவது தூண். தயவு செஞ்சு அவங்க படிக்கும்போது கை தட்டாதீங்க. ரேடியோ அக்கா கையை யாரும் போட்டோ எடுக்காதீங்க.

உங்க அம்மாவோ சித்தியோ அத்தையோ பக்கத்து வீட்டு அக்காவோ அந்த ஷெட்டுல பி ஷிஃப்ட்ல இருந்தாங்கன்னா இதை அவங்களுக்கு அனுப்புங்க. போன்ல படிக்கத் தெரியாதவங்களா இருந்தா நீங்க படிச்சுக் காட்டுங்க, காது மந்தமா இருந்தா எதிர்ல உக்காந்து நிதானமா சொல்லுங்க. அவங்க நம்பர் எதுவும் என்கிட்ட இல்ல. உங்ககிட்டதான் இருக்கு.